ரைனோஸ்போரிடியோசிஸ்: குளத்து நீரோடு வந்த ஒரு மூக்கு நோயின் வரலாறு

ரைனோஸ்போரிடியோசிஸ் என்பது மூக்கின் உட்பகுதியிலும் மூக்குக்குப் பின்னால் உள்ள தொண்டையின் மேற்பகுதியிலும் சதை வளரச் செய்யும் ஒரு தொற்றுநோய். கண்ணிலும், அரிதாகத் தோலிலும் பிற உறுப்புகளிலும் இது தோன்றும். உலகில் பதிவான நோயாளிகளில் பெரும்பாலானோர் இந்தியாவையும் இலங்கையையும் சேர்ந்தவர்கள். தமிழ்நாட்டில் சிவகங்கை, இராமநாதபுரம், மதுரை போன்ற தென்மாவட்டங்களின் அரசு மருத்துவமனைகளில் காது மூக்கு தொண்டைப் பிரிவில் பணியாற்றும் எவருக்கும் இது பழகிய நோய். மேலை நாட்டு மருத்துவ நூல்களில் அரிய நோய்களின் பட்டியலில் ஓரிரு பத்திகளில் முடிந்துவிடுவதும் இதே நோய்தான்.

இதன் பெயரில் உள்ள 'ரைனோ' என்பது மூக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல். 'ஸ்போர்' என்றால் வித்து. மூக்கில் வித்துகளை உண்டாக்கும் உயிரி என்பது பெயரின் பொருள். அந்த உயிரி எந்த இனத்தைச் சேர்ந்தது என்ற கேள்விக்கு விடை கிடைக்க ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஆயின.

நோயின் தோற்றம்

நோயாளி வழக்கமாக மூன்று குறைகளுடன் வருவார்: ஒரு பக்க மூக்கடைப்பு, அவ்வப்போது மூக்கிலிருந்து இரத்தம் வடிதல், மூக்கினுள் ஏதோ தொங்குவது போன்ற உணர்வு. உள்ளே பார்த்தால் இளஞ்சிவப்பு அல்லது அடர்சிவப்பு நிறத்தில், காம்புடன் கூடிய சதை தெரியும். அதன் மேற்பரப்பில் வெண்மையான சிறு புள்ளிகள் தூவியது போல் இருக்கும். மருத்துவ நூல்கள் இதை ஸ்ட்ராபெரி பழத்துக்கு ஒப்பிடுகின்றன. அந்தப் பழத்தைப் பார்த்திராத மாணவருக்கு, வெண்புள்ளி விழுந்த கோவைப்பழத்தின் உட்சதை என்று சொன்னால் ஓரளவு விளங்கும்.

பொதுவாக மக்கள் 'மூக்கில் சதை' என்று சொல்வது வேறு. ஒவ்வாமை முதலிய காரணங்களால் வளரும் அந்தச் சாதாரணச் சதை வெளிறி, உரித்த திராட்சை போலப் பளபளப்பாக இருக்கும். தொட்டால் எளிதில் இரத்தம் வராது. ரைனோஸ்போரிடியோசிஸ் சதை இலேசாகத் தொட்டாலே இரத்தம் கசியும். சில நோயாளிகளுக்குச் சதை பின்னோக்கி வளர்ந்து, வாயைத் திறந்தால் அண்ணத்துக்குப் பின்னே தொண்டையில் தொங்குவது தெரியும். அப்போது விழுங்குவதும் மூச்சு விடுவதும் கடினமாகும். அத்தகையவருக்கு அறுவை செய்ய மயக்க மருந்து கொடுப்பதும் எளிதன்று. மூச்சுக்குழாய்க்குள் குழாய் செலுத்தும்போது சதை உரசி இரத்தம் கொட்டக்கூடும்.

மேற்பரப்பில் தெரியும் வெண்புள்ளிகள்தான் நோயை உறுதிசெய்யும் தடயம். அவை ஒவ்வொன்றும் முதிர்ந்த ஒரு வித்துப்பை. மிகப் பெரியவை ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு வளர்வதால் வெறுங்கண்ணுக்கே புலப்படுகின்றன. மனிதரைத் தாக்கும் நுண்ணுயிரிகளில் இப்படிக் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வளர்வன மிகக் குறைவு. ஒரு பையினுள் ஆயிரக்கணக்கான வித்துகள் அடைந்திருக்கும். பை முதிர்ந்து வெடித்தால் வித்துகள் அருகிலுள்ள திசுக்களில் சிதறும்.

மூக்கினுள் சதை வளர்வது பண்டை மருத்துவத்துக்குப் புதிதன்று. சுசுருத சம்கிதை நாசார்சஸ் என்று அதைக் குறிப்பிடுகிறது. ஆனால் அந்த விவரிப்பு சாதாரணச் சதையையும் குறிக்கலாம், இதையும் குறிக்கலாம். நுண்ணோக்கி இல்லாத காலத்துக் குறிப்பைக் கொண்டு ரைனோஸ்போரிடியோசிஸ் அப்போதே அறியப்பட்டிருந்தது என்று சொல்வது பொருந்தாது.

புவெனஸ் ஐரிசும் கல்கத்தாவும்

நோயின் எழுத்து வடிவ வரலாறு ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு நகரங்களில் தொடங்குகிறது. அர்ஜென்டினாவின் புவெனஸ் ஐரிசில் 1892 இல் மால்பிரான் என்பவர் இந்த உயிரியைக் கண்டார், ஆனால் வெளியிடவில்லை. அதே நகரில் மருத்துவ மாணவரான கில்லெர்மோ சீபெர் 1900 இல் தம் பட்ட ஆய்வேட்டில் மூக்குச் சதையில் கண்ட இரண்டு நேர்வுகளை விவரித்தார். அவற்றில் ஒருவர் 19 வயது விவசாயத் தொழிலாளி. இது மனிதரைத் தாக்கும் புதிய ஒருசெல் விலங்கு ஒட்டுண்ணி என்பது சீபெரின் முடிவு. பேராசிரியர் வெர்னிக்கே அதற்குக் காக்சிடியம் சீபெரி என்று பெயரிட்டார்.

கல்கத்தாவில் இந்திய மருத்துவப் பணியைச் சேர்ந்த ஓ'கினீலி 1894 இல் ஓர் இந்திய இளைஞரின் மூக்குத் தடுப்புச்சுவரில் பட்டாணி அளவில் வளர்ந்திருந்த சதையை அகற்றினார். அதைப் பற்றி 1903 இல் லண்டன் குரல்வளை மருத்துவச் சங்கத்துக்கு அறிவித்தார். அந்தத் திசுவை ஆராய்ந்த விலங்கியலாளர்கள் மின்ச்சினும் ஃபாந்தமும் 1905 இல் ரைனோஸ்போரிடியம் கினீலை என்ற புதிய பெயரை வெளியிட்டனர். ஸ்பானிய மொழியில் எழுதப்பட்ட ஒரு மாணவர் ஆய்வேடு லண்டனை எட்டியிருக்கவில்லை.

தம் கண்டுபிடிப்பு இன்னொருவர் பெயரில் வழங்குவதைக் கண்ட சீபெர் 1912 இல் முன்னுரிமை கோரி எழுதினார். அவருடைய கோரிக்கை நியாயமானது என்று பின்னர் ஏற்கப்பட்டது. பேரினப் பெயர் லண்டன்காரர்கள் இட்டதாகவும் சிற்றினப் பெயர் சீபெரை நினைவூட்டுவதாகவும் அமைந்து, ரைனோஸ்போரிடியம் சீபெரி என்ற இன்றைய பெயர் நிலைத்தது. இரு தரப்பினரும் இதை ஒருசெல் விலங்கு என்று கருதியதில் மட்டும் வேறுபாடு இருக்கவில்லை.

சென்னையின் பங்கு

நோய் அதிகமாகக் காணப்படும் பகுதிக்கு மிக அருகில் இருந்த பெரிய மருத்துவ நகரம் சென்னை. ஆகவே ஆரம்பகால அறிக்கைகள் பலவற்றில் சென்னையின் பெயர் வருகிறது. அவற்றில் முக்கியமானவை மூக்கு மருத்துவர்களிடமிருந்து வராமல் கண் மருத்துவர்களிடமிருந்து வந்தன என்பது கவனிக்கத்தக்கது. இதற்கு ஒரு காரணம் ஊகிக்கலாம். எழும்பூரில் உள்ள அரசு கண் மருத்துவமனை 1819 இல் தொடங்கப்பட்டது. அங்கு நோயாளிகள் மாகாணம் முழுவதிலுமிருந்து வந்தனர். காது மூக்கு தொண்டைக்கெனத் தனியாகப் பயின்றவர்களோ அக்காலச் சென்னையில் மிகச் சிலர். நீதிக்கட்சியை நிறுவியவர்களில் ஒருவராக அரசியல் வரலாற்றில் இடம்பெறும் டி. எம். நாயர் அந்தச் சிலரில் ஒருவர் என்பது இன்று பலருக்குத் தெரியாது.

ஏ. சி. இங்கிரம் 1910 இல் லான்செட் இதழில், மூக்கைத் தவிர வழக்கமில்லாத இடங்களிலும் இவ்வுயிரி காணப்படுவதை எழுதினார். 1912 இல் அவரும் ஆர். எச். எலியட்டும் சேர்ந்து விழிவெண்படலத்தில் வளர்ந்த ஒரு சதையை விவரித்தனர். இந்த எலியட் கண் நீரழுத்த நோய்க்கான துளை அறுவை முறையால் உலகப் புகழ் பெற்றவர். அப்போது சென்னைக் கண் மருத்துவமனையின் கண்காணிப்பாளர். 1914 இல் டி. எஸ். திருமூர்த்தி பிராக்டிஷனர் என்னும் லண்டன் இதழில் இந்நோய் பற்றிக் கட்டுரை வெளியிட்டார். நோய்க்குறியியலில் பெயர் பெற்ற தமிழ் மருத்துவரான அவருடைய எழுத்து, இந்தியர் ஒருவர் இந்நோய் பற்றி எழுதிய தொடக்ககாலக் கட்டுரைகளுள் ஒன்று. 1922 இல் ஆர். இ. ரைட், எலியட் வகித்த அதே பொறுப்பில் இருந்துகொண்டு, விழிவெண்படல நோயைப் பற்றி இந்தியன் மெடிக்கல் கெசட்டில் எழுதினார்.

கண்ணில் வரும் வகை பெரும்பாலும் ஒரு கண்ணின் இமைக்குள் சிறு சிவந்த சதையாகத் தொடங்கும். கண்ணீர்ப்பையைத் தாக்கினால் மூக்கோரம் மெல்ல வீங்கும். மூக்கும் கண்ணும் ஒரு குழாயால் இணைந்திருப்பதால், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நோய் செல்ல வழி உண்டு.

எடின்பரோ தீர்ப்பு

1923 இல் எடின்பரோ அரச சங்கத்தின் வெளியீட்டில் ஜேம்ஸ் ஹார்ட்லி ஆஷ்வொர்த் வெளியிட்ட நீண்ட ஆய்வுரை இந்த வரலாற்றில் ஒரு திருப்பம். எடின்பரோவில் படித்துவந்த ஓர் இந்திய மாணவரின் மூக்கிலிருந்து எடுத்த திசுவே அவருடைய ஆய்வுப் பொருள். வித்துப்பை சிறு உருண்டையாகத் தொடங்கி, உட்கரு மீண்டும் மீண்டும் பிரிந்து, சுவர் தடித்து, கடைசியில் வித்துகள் நிறைந்த பையாக முதிர்வதை அவர் படிப்படியாக வரைந்து காட்டினார். அந்த வரைபடங்களின் சாயல் இன்றும் பாடநூல்களில் தென்படுகிறது.

ஆஷ்வொர்த் எடுத்த முடிவு, இது விலங்கு அன்று, கீழ்நிலைப் பூஞ்சை என்பது. அதற்குப் பின் 70 ஆண்டுகளுக்கும் மேலாக மருத்துவக் கல்லூரிகளில் ரைனோஸ்போரிடியோசிஸ் பூஞ்சை நோய்களின் அத்தியாயத்திலேயே பாடமாக இருந்தது. ஆனால் அந்த வகைப்பாட்டில் தொடக்கத்திலிருந்தே ஓர் இடறல் இருந்தது. பூஞ்சை என்றால் ஆய்வகத் தட்டில் வளர வேண்டும். இதுவோ எந்தச் செயற்கை ஊடகத்திலும் வளரவில்லை. பூஞ்சைக்கு எதிரான மருந்துகளும் நம்பத்தக்க பலன் தரவில்லை. தவறான பெயர்ப்பலகை நோயாளியையும் பாதிக்கும் என்பதற்கு இது ஒரு சான்று: வகை மாறியிருந்தால் மருந்துத் தேடலும் வேறு திசையில் போயிருக்கும்.

மணல், குளம், மாடு

உயிரி எது என்ற விவாதம் ஒருபுறம் இருக்க, அது எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு விடை நோயாளிகளின் தொழிலில் கிடைத்தது. 1933 இல் நொரோன்ஹா, பூனாவின் ஆற்று மணல் தொழிலாளரிடையே இந்நோய் பரவியிருப்பதைச் சுட்டிக்காட்டினார். 1937 இல் மண்ட்லிக் தொற்று வழியைப் பற்றிய தம் கவனிப்புகளை இந்தியன் மெடிக்கல் கெசட்டில் வெளியிட்டார். இவற்றிலிருந்து உருவான கருத்து இன்றும் ஏற்கப்படுகிறது: தேங்கிய நீரில் இருக்கும் வித்து, மணல் துகள் போன்றவற்றால் மூக்கின் மென்படலத்தில் ஏற்பட்ட நுண்ணிய கீறல் வழியாகத் திசுவுக்குள் நுழைகிறது. நோயாளியிடமிருந்து இன்னொருவருக்கு நேரடியாகத் தொற்றுவதில்லை.

தென் தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களில் இந்தக் கருத்துக்கு உயிர் வருகிறது. மழை குறைந்த அந்தப் பகுதியில் வாழ்க்கை ஊருணியையும் கண்மாயையும் குளத்தையும் சுற்றியே அமைந்தது. ஊருணியைக் குடிநீருக்கென்று காத்த ஊர்களில் குளிப்பும் துவைப்பும் மாடு கழுவுதலும் குளத்திலோ கண்மாயிலோ நடந்தன. கோடையில் நீர் வற்றி, அடியில் சேறு கலங்கிய நிலையிலும் சிறுவர் கரையிலிருந்து குதிப்பர். தலைகீழாகப் பாயும்போது மூக்கில் நீர் ஏறும் எரிச்சல், குளத்தில் நீந்திப் பழகிய ஒவ்வொருவருக்கும் தெரிந்தது. ஆண்களிடையே இந்நோய் மிகுதியாகக் காணப்படுவதற்கு இந்தப் பழக்கமும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது.

ஆனால் நீர்க் கொள்கை எல்லாவற்றையும் விளக்கிவிடவில்லை. ஒரே குளத்தில் ஊரே குளிக்கிறது. சதை வளர்வது ஓரிருவருக்குத்தான். உடலின் நோய் எதிர்ப்பில் உள்ள வேறுபாடே காரணம் என்பது பொதுவான விளக்கம், அது இன்னும் துல்லியமாக நிறுவப்படவில்லை. குளமே இல்லாத வறண்ட நாடுகளில் கண் நோயாக மட்டும் இது மிகுந்து காணப்படுவதற்குப் புழுதியைக் காரணம் காட்டுகின்றனர். மறுபக்கம், நீர்க் கொள்கைக்கு வலுவான ஆதரவு எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. 1990களின் தொடக்கத்தில் செர்பியாவில் ஓர் ஏரியில் நீந்தியவர்களிடையே நோய் வெடித்தது. ஐரோப்பாவில் இந்நோய் கூட்டமாகத் தோன்றிய முதல் நிகழ்வு என்று 1995 இல் அது பதிவாயிற்று.

குளத்துக்கு மனிதர் மட்டும் வருவதில்லை. எம். ஏ. என். ராவ் 1938 இல் சென்னை மாகாணத்து மாடுகளில் இந்நோயை விவரித்து, தொற்றும் வழிகளையும் விவாதித்தார். குதிரை, நாய், அன்னம் ஆகியவற்றிலும் நோய் கண்டறியப்பட்டுள்ளது. மாட்டிடமிருந்து குளம் வழியாக மனிதருக்கு வருகிறதோ என்ற ஐயம் இயல்பாக எழுந்தது. 2005 இல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று, மனிதர், நாய், அன்னம் ஆகியவற்றில் உள்ளவை ஒன்றுக்கொன்று வேறுபட்ட வகைகள் என்று காட்டியது. ஒவ்வொரு விலங்குக்கும் தனி வகை உண்டு என்றால் மாட்டின் மீதான ஐயம் கணிசமாகக் குறைகிறது.

கொழும்பிலிருந்து வந்த நூல்

இந்தியாவுக்கு அடுத்து மிகுதியான நோயாளிகள் உள்ள இலங்கையில் ஆய்வு தொடர்ச்சியாக நடந்தது. நோய்க்குறியியல் பேராசிரியர் டபிள்யூ. ஏ. இ. கருணாரத்ன எழுதிய 'மனிதரில் ரைனோஸ்போரிடியோசிஸ்' என்னும் ஆங்கில நூல் 1964 இல் லண்டனில் வெளிவந்தது. இந்த ஒரு நோய்க்கென்றே எழுதப்பட்ட முழுநூல் என்ற வகையில் அது நீண்ட காலம் அடிப்படை நூலாக விளங்கியது. பின்னர் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் எஸ். என். ஆர்செகுலரத்ன இந்தப் பணியைப் பல பத்தாண்டுகள் முன்னெடுத்தார்.

மரபணு சொன்ன விடை

1990களில் வகைப்பாட்டு விவாதம் மீண்டும் சூடு பிடித்தது. டெல்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தின் அலுவாலியா குழுவினர் 1997 இல், நோய்க்குக் காரணம் குளங்களில் பச்சையாகப் படியும் மைக்ரோசிஸ்டிஸ் என்னும் நீலப்பச்சைப் பாசி என்று வாதிட்டனர். குளத்தோடு உள்ள தொடர்பை நேரடியாக விளக்கியதால் அந்தக் கருத்து கவர்ச்சியாக இருந்தது. ஆனால் அது நிலைக்கவில்லை.

1999 இல் ஹெர், ஏஜெல்லோ, டெய்லர், ஆர்செகுலரத்ன, மென்டோசா ஆகியோர் இவ்வுயிரியின் ரைபோசோம் மரபணுவை வரிசைப்படுத்தினர். 2000 இல் ஃபிரெட்ரிக்ஸ் குழு தனியாகச் செய்த ஆய்வும் அதே இடத்துக்கு வந்து சேர்ந்தது. விடை எவரும் எதிர்பாராதது. இது பூஞ்சை அன்று, பாசி அன்று, பழைய பொருளில் ஒருசெல் விலங்கும் அன்று. பரிணாம மரத்தில் விலங்குகளும் பூஞ்சைகளும் பிரியும் கிளைக்கு அருகில் உள்ள, மீசோமைசீட்டோசோவா என்று இப்போது அழைக்கப்படும் தொகுதியைச் சேர்ந்தது. அத்தொகுதியில் இதற்கு நெருங்கிய உறவினர்கள் மீன்களைத் தாக்கும் ஒட்டுண்ணிகள். சால்மன் மீன்களைக் கொல்லும் ஓர் ஒட்டுண்ணியும், மீன்களின் செவுளில் கட்டி உண்டாக்கும் டெர்மோசிஸ்டிடியமும் அவற்றுள் அடங்கும்.

நீரும் மீனும் நிறைந்த குளத்தை நோயாளிகளின் வாழ்க்கை வழியாக முன்பே மருத்துவர்கள் சுட்டியிருந்தனர். மரபணு அதே குளத்தை வேறு வழியில் அடைந்தது. சீபெரும் ஓ'கினீலியும் விலங்கு என்றது, ஆஷ்வொர்த் பூஞ்சை என்றது ஆகிய இரண்டுமே முழுத் தவறு என்று சொல்லிவிட முடியாது என்பதும் சுவையான செய்தி. உயிரி நிற்பது அந்த இரண்டின் எல்லைப் பக்கத்தில்.

மருத்துவமும் செங்கல்பட்டுத் தொடர்பும்

ஆரம்பத்தில் ஆன்டிமனி சேர்ந்த மருந்துகள் முயலப்பட்டன. 1936 இல் அலன், தாவே ஆகியோர் 60 நோயாளிகளின் அனுபவத்தை வெளியிட்டனர். அப்போது முதல் இன்றுவரை முதன்மை மருத்துவம் அறுவைதான்: சதையைக் காம்போடு அகற்றி, அது முளைத்த அடிப்பகுதியை மின்சூட்டால் தீய்ப்பது. அடிப்பகுதி மிஞ்சினாலோ, அறுவையின்போது வித்துகள் சிதறினாலோ மீண்டும் வளரும். ஒரே நபர் பல முறை அறுவைக்கு உட்படுவது அரிதன்று. உள்நோக்கிக் கருவி வந்த பிறகு அடிப்பகுதியைத் தெளிவாகக் காண முடிவதால் நிலைமை சற்று மேம்பட்டுள்ளது.

மீண்டும் வளர்வதைக் குறைக்கப் பயன்படும் ஒரே மருந்தாகச் சொல்லத்தக்கது டாப்சோன். இதன் கதை செங்கல்பட்டை ஒட்டிச் செல்கிறது. தொழுநோய்க்குச் சால்மூக்ரா எண்ணெயைத் தவிர வேறு மருந்து இல்லாதிருந்த நிலை மாறிக்கொண்டிருந்த காலம் 1940கள். மாமல்லபுரம் கடற்கரையிலிருந்து மேற்கே சற்றுத் தொலைவில், செங்கல்பட்டை அடுத்த திருமணியில் இயங்கிய லேடி வில்லிங்டன் தொழுநோய் இல்லத்தில் ராபர்ட் காக்ரேன் அந்தப் பத்தாண்டின் பிற்பாதியில் டாப்சோனை நோயாளிகளுக்கு ஊசியாகச் செலுத்தி ஆராய்ந்தார். அதற்கு முன் நச்சு மிகுந்ததெனக் கருதப்பட்ட மூலப்பொருளை அளவறிந்து கொடுக்கலாம் என்று காட்டிய தொடக்க முயற்சிகளுள் அது ஒன்று. அந்த இல்லமே 1955 இல் மத்திய தொழுநோய் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி நிறுவனமாயிற்று. தொழுநோயும் மூக்கைத் தாக்கி அதன் நடுத்தண்டைச் சரியவைக்கும் நோய் என்றாலும், அதற்கும் ரைனோஸ்போரிடியோசிசுக்கும் காரண உறவு எதுவும் இல்லை. மருந்து மட்டுமே பொது.

1979 இல் கே. கே. நாயர் லாரிங்கோஸ்கோப் இதழில், மூக்கிலும் தொண்டையின் மேற்பகுதியிலும் இந்நோய் உள்ளவர்களுக்கு டாப்சோன் கொடுத்துப் பார்த்த முடிவுகளை வெளியிட்டார். வித்துப்பைகள் முதிர்வதை மருந்து தடுக்கிறது, சுற்றியுள்ள திசு நாராகி இறுகுகிறது என்பது அதன் செயல்பாட்டுக்குத் தரப்படும் விளக்கம். அது சதையைக் கரைப்பதில்லை. ஆகவே அறுவைக்கு மாற்றாகாது, துணையாக மாதக்கணக்கில் தரப்படுகிறது. இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கக்கூடிய மருந்து என்பதால், ஜி6பிடி என்னும் நொதி குறைந்தவர்களுக்குக் கொடுக்கக் கூடாது. முன்கூட்டியே இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது வழக்கம்.

அரிதாக நோய் இரத்தத்தின் வழியே கை, கால், உடல் தோல் ஆகியவற்றுக்குப் பரவி, புற்றுநோய்க் கட்டி போன்ற தோற்றம் தரும். அகற்றிய சதை எவ்வளவு சிறிதானாலும் திசுப் பரிசோதனைக்கு அனுப்புவது இதனால்தான் முக்கியம். சாதாரணச் சாயத்திலேயே வித்துப்பைகள் தெளிவாகத் தெரிவதால், கண்ணாடித் தகட்டை ஒருமுறை பார்த்தவருக்கு ஐயம் எழுவதில்லை.

அறுவை முடிந்து வீடு திரும்பும் நோயாளியிடம் குளத்தில் குளிக்க வேண்டாம் என்று மருத்துவர் சொல்வார். குழாய் நீர் வந்த ஊரில் அதைக் கடைப்பிடிக்கலாம். வாரம் ஒருமுறை லாரி நீர் வரும் ஊரில், வேலை முடிந்து மண்ணும் வியர்வையுமாக வருபவருக்கு அந்த அறிவுரை பாதிதான் பயன்படும். அத்தகையவருக்குத் தலை முங்காமல் மொண்டு குளிக்கச் சொல்வது நடைமுறைக்கு ஒத்துவரும். கண்மாய் மண் அள்ளுவோரும் ஆற்று மணல் எடுப்போரும் மூக்கில் இரத்தம் வந்தால் அதைச் சூடு என்று தள்ளிப்போடாமல் காட்டிக்கொள்ள வேண்டியவர்கள்.